சாக்கு

துஷான்பே விமான நிலையத்தில்
நான்காம் கவுண்டரின் தராசுக்குப் பின்னால்
பத்தொன்பது வருடமாக நிற்கிறேன்.
மாஸ்கோவுக்குக் கூலிக்குப் போகிறவர்களின் மூட்டைகளைக்
கண்ணாலேயே நிறுப்பேன்,
அரைக் கிலோ பிசகாது.

இன்று பலகையில் புதிதாக ஒரு பெயர்:
தாஷ்கண்ட்.
எழுத்துகள் ஓடி நின்றதும் வரிசை அமைதியாகிவிட்டது.
யாரோ ஒருவர் மட்டும் கை தட்டினார்,
பிறகு கூச்சப்பட்டு
அந்தக் கைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

ஐம்பது நிமிடம்.
ஹிஸ்ஸார், ஸரஃப்ஷான், துர்க்கெஸ்தான்,
மூன்று மலைத்தொடரும் கடந்துவிடும்
ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள்.
இதற்காகத்தான் இருபத்தைந்து ஆண்டுகள்
இஸ்தான்புல் போய்த் திரும்பினோம்,
அல்மாத்தி போய்த் திரும்பினோம்.
காசில்லாதவர்கள் ஒய்பெக் சாவடியில்
பெட்டியைத் தலையில் வைத்து நடந்தார்கள்,
விசா கிடைத்தால்.
பக்கத்து வீட்டில் உப்பு வாங்க
ஊரைச் சுற்றிப் போன கதை.

முதலில் வந்தவர் குர்பொனலி.
சணல் சாக்கு நிறைய ஆப்ரிகாட் வற்றல்.
அனுமதி இருபத்துமூன்று கிலோ, அது முப்பத்தொன்று.
"மாமியாருக்கு," என்றார்.
"இன்னும் நேரில் பார்த்ததில்லை.
என் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது."
தராசைப் பார்க்காமல் சீட்டைக் கட்டினேன்.

அடுத்து ஓர் இளைஞன், வெறும் கையோடு.
"பை இல்லையா?"
"இல்லை. போக முடிகிறதா என்று
போய்ப் பார்க்கப் போகிறேன்."

என் சாக்கு வேறு.

அம்மா இறந்தபோது
தாஷ்கண்டில் இருந்த தம்பி தோலிபுக்கு
நான் உடனே தந்தி அடிக்கவில்லை.
குஜந்து வீட்டை விற்ற பணத்தில்
எங்களுக்குள் ஒரு கணக்கு தீராமல் கிடந்தது.
மண் மூடி இரண்டு நாள் கழித்துத்தான்
தபால் ஆபீஸ் படியேறினேன்.
"தந்தி லேட்டா வந்திருக்கும்,
எல்லைதான் தெரியுமே," என்றேன் பிறகு.
எல்லைக்கு வாய் கிடையாது.
எந்தப் பழியைத் தலையில் ஏற்றினாலும் சுமக்கும்.

ஒவ்வொரு நவ்ரூஸுக்கும் போனில்
"வரணும்னுதான் இருக்கு, விமானம் இல்லையே" என்பேன்.
"ஆமா, விமானம் இல்லையே" என்பான்.
சொல்லி முடித்ததும்
இரண்டு குரலிலும் ஒரு தெம்பு வந்துவிடும்.
தண்ணீருக்கும் அணைக்கும்
இரண்டு அரசாங்கங்கள் அடித்துக்கொண்ட நிழலில்
எங்கள் சண்டை சுகமாகத் தூங்கியது.

விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்தபோது
கண்ணாடிச் சுவரில் நெற்றி பதித்து
சுத்தம் செய்கிற பெண்கள் அழுதார்கள்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தேநீர் இடைவேளையில் கூப்பிட்டேன்.
"விட்டுட்டாங்க," என்றேன்.
"டிவியில பார்த்தேன்."
"அங்கே பனிமூட்டமா?"
"இல்ல. தெளிவா இருக்கு."
"இங்கேயும் தெளிவுதான்."
வானிலையும் கைவிட்டது.

வெகுநேரம் கழித்துச் சொன்னான்:
"தந்தியில அனுப்பின தேதி இருக்கும், அக்கா.
மேல் மூலையில. சின்னதா."

நாள் முழுக்க மூட்டைகளில்
தேதி ஒட்டுகிறவள் நான்.
அது எனக்குத் தோன்றவே இல்லை.
அப்படியென்றால் இத்தனை நவ்ரூஸும்
"விமானம் இல்லையே" என்று
தெரிந்தேதான் கூடவே சொல்லியிருக்கிறான்.

"உத்தரத்துல ஒரு முலாம்பழம் தொங்குது,
குளிர்காலத்துக்குக் கட்டினது.
கையில கொண்டுவர விடுவாங்களா?"

"எட்டு கிலோவரைக்கும்," என்றேன்.
என்னை மீறி கவுண்டர் குரல் வந்துவிட்டது.

"ஒன்பது இருக்கும்."

"அங்கே நிறுக்கிறவ நான் இல்ல, தோலிப்."

சிரித்தானா, மூச்சு விட்டானா, தெரியவில்லை.
"வியாழன் ஒண்ணு இருக்கு," என்றேன்.
"அது இல்லன்னா திங்கள்."

மலைகளுக்கு அப்பால் ஒரு மேஜை அறை இழுபட்டது.
பேனா தேடுகிறான் போல.
கிடைக்கும்வரை
நான் ஒன்றும் பேசவில்லை.